மராமத்துக்கு மாலை இல்லை

தமிழ் வாழ்க என்று சுவரில் எழுத ஒரு வாளிச் சுண்ணாம்பு போதும். அதையே கணினியில் எழுத வேண்டுமானால், முகம் தெரியாத யாரோ ஒருவர் எங்கோ உறக்கம் விழித்திருக்க வேண்டும். அந்த ஒருவரைப் பற்றித் தமிழ் இலக்கிய உலகம் ஒருநாளும் கவலைப்பட்டதில்லை என்பதே நம் குற்றச்சாட்டு. குற்றம் சாட்டும் நாமே குற்றவாளிக் கூண்டிலும் நிற்கிறோம். ஆகவே சற்றுக் காரமாகவே பேச நமக்கு உரிமை உண்டு என்று கருதுகிறோம்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுவோம்.

வண்ணார்பேட்டையில், புறவழிச் சாலையிலிருந்து ஆற்றை நோக்கி இறங்கும் தெரு ஒன்றில் ஒரு டி.டி.பி. கடை உண்டு. நம் வட்டாரத்துக் கவிதைத் தொகுதிகள், கல்லூரி ஆண்டு மலர்கள், கோயில் கொடை அழைப்பிதழ்கள், முனைவர் பட்ட ஆய்வேடுகள் எல்லாம் இருபது ஆண்டுகளாக அங்கேதான் உருவாயின. 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் தாமிரபரணி கரைபுரண்டபோது கடைக்குள்ளும் வெள்ளம் புகுந்தது. மேசைக்கடியில் இருந்த பழைய கணினி, விண்டோஸ் எக்ஸ்பி ஓடிக்கொண்டிருந்த கடைசிக் கணினி, சேற்றோடு சேறாயிற்று. நீர் வடிந்த பிறகு நாம் போய்ப் பார்த்தபோது கடைக்கார அண்ணாச்சி விளக்குமாறும் கையுமாக நின்றார். “மெஷின் போனா போவுது சார், வேற வாங்கிக்கிடலாம். உங்க வாத்தியார் ஃபைலு அதுலதான கெடந்துது” என்றார்.

வாத்தியார் ஃபைல் என்பது ஒரு சொற்கோவை. நமக்குத் தமிழ் கற்பித்த பேராசிரியர் ஒருவர் ஓய்வுபெற்ற பின்பு பாபநாசத்திலிருந்து ஆத்தூர் வரை ஆற்றங்கரை ஊர்கள்தோறும் நடந்து, நெல் வேளாண்மைச் சொற்களையும் நீர்ப்பாசனச் சொற்களையும் சீட்டுகளில் குறித்துவந்தார். மடை, மறுகால், வாய்மடை, கடைமடை என்று அகராதியில் அகப்படுவன சில, அகப்படாதன பல. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட அந்தச் சீட்டுகளை 2003இல் அண்ணாச்சி கடையில் தட்டச்சுச் செய்தோம். நூலாகும் முன்பே வாத்தியார் மறைந்தார். சீட்டுகளைக் கரையான் தின்றது. எஞ்சியது கணினிக் கோப்பு ஒன்றே.

நாம் பதறவில்லை. கோப்பின் படி ஒன்று குறுந்தகட்டில் நம் வீட்டு அலமாரியில் இருந்தது. அண்ணாச்சி வாங்கிய புதுக் கணினியில் இருந்தது விண்டோஸ் 11. குறுந்தகட்டைப் படிக்க ஒரு கருவியை இரவல் வாங்கிவந்து கோப்பைப் படியெடுத்தோம். பழுதில்லாமல் வந்தது. ஆனால் அதைத் தட்டச்சுச் செய்த பேஜ்மேக்கர் 6.5 புதிய கணினியில் ஏற மறுத்தது. அந்த மென்பொருளின் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்ததே 2001இல்தான். எழுத்துருவோ, அச்சுப்பொறித் துளையில் செருகும் பூட்டோடு விற்கப்பட்டது. இன்றைய கணினியில் அந்தத் துளையே கிடையாது. வேறு வழிகளில் கோப்பைத் திறந்தபோது திரை முழுவதும் இலத்தீன் எழுத்துகளும் கொம்பு முளைத்த குறிகளும் கட்டங்களுமாகக் கொட்டின. “ஃபைல் நல்லாத்தான் இருக்கு சார். தமிழ்தான் இல்ல” என்றார் அண்ணாச்சி.

வெள்ளம் கொண்டுபோயிருந்தால் விதி என்று இருந்திருப்போம். வெள்ளம் கொண்டுபோகவில்லை. கோப்பின் ஓர் எழுத்தும் அழியவில்லை. படிக்கும் வழிதான் அழிந்துவிட்டது. இருபதாண்டுகளில் ஒருமுறையேனும் அதைப் புதிய கணினிக்கு ஏற்பப் பெயர்த்து வைக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றவில்லை. கணினியில் ஏற்றியாயிற்று, இனி அழிவில்லை என்று இறுமாந்திருந்தோம்.

*

தமிழ் படித்தவர்களாகிய நமக்கு இந்த இறுமாப்பு வந்திருக்கவே கூடாது. பனையோலையின் ஆயுள் சில நூற்றாண்டுகள். அதற்குள் யாரேனும் ஒருவர் பக்கத்தில் புது ஓலையை வைத்துக்கொண்டு வரிவரியாகப் பெயர்த்தெழுத வேண்டும். சங்க இலக்கியம் நமக்குக் கிடைத்தது புலவர்கள் பாடியதால் மட்டுமன்று. இடையில் பல தலைமுறைகள் பெயர்த்தெழுதியதால். உ.வே. சாமிநாதையர் ஏடு தேடித் திருநெல்வேலிக்கும் ஆழ்வார்திருநகரிக்கும் வந்த கதையை வகுப்பில் உருக்கமாகச் சொல்கிறோம். 1889இல் பத்துப்பாட்டு அச்சேறியதைக் கொண்டாடுகிறோம். அவர் கையில் ஏடு கிடைக்கும்படி அதற்கு முந்தைய நூற்றாண்டுகளில் பெயர்த்தெழுதி வைத்தவன் யார் என்று எந்த வகுப்பிலும் கேட்பதில்லை.

கணினியிலும் அதே கதைதான். ஓலைக்கு இருந்த நூற்றாண்டுக் கணக்கு இங்கே ஆண்டுக் கணக்காகச் சுருங்கிவிட்டது, அவ்வளவே. விண்டோஸ் எக்ஸ்பி 2001இல் வந்தது. அதற்கான ஆதரவு 2014 ஏப்ரலில் முடிந்தது. 2009இல் வந்த விண்டோஸ் 7இன் ஆதரவு 2020 ஜனவரியில் நின்றது. 2015இல் வந்த விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபரில் பொதுவான ஆதரவு முடிந்தது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் இயங்குதளத்தைச் செய்த நிறுவனம் தன் பொருள்களைத் தானே சரிசெய்துகொள்ளும். வாங்கிய நாமோ புதியதை வாங்கிக்கொள்வோம். இவ்விரு சாராருக்கும் இடையில் நின்று, செய்தவரும் அல்லாமல் வாங்கியவரும் அல்லாமல், தம் சொந்த முயற்சியில் ஒரு விசைப்பலகையையோ எழுத்துருவையோ எழுத்து மாற்றியையோ ஆக்கித்தந்த மூன்றாமவர் ஒருவர் இருக்கிறாரே, அவருக்குத்தான் ஒவ்வொரு மாற்றமும் பிரளயம்.

ஏன் என்று விளங்கிக்கொள்வது கடினமன்று. நாம் ஒரு விசையை அழுத்தினால் அச்செய்தி முதலில் இயங்குதளத்துக்குப் போகிறது. தமிழ் விசைப்பலகை மென்பொருள் இடையில் புகுந்து அதைப் பிடித்து, ஆங்கில எழுத்துக்கு உரிய எண்ணை விலக்கித் தமிழ் எழுத்துக்கு உரிய எண்ணைக் கொடுத்தனுப்புகிறது. இடைமறிக்கும் இந்த வாசல் இயங்குதளத்துக்கு இயங்குதளம் இடம் மாறும். 32 இருமக் கணினிக்கு எழுதியது 64 இருமக் கணினியில் முரண்டு பிடிக்கும். விசைகளை இடைமறிப்பது திருட்டு மென்பொருளின் வேலையும் ஆதலால், நச்சுநிரல் தடுப்பான்கள் சிலவேளை தமிழ் விசைப்பலகையையே திருடன் என்று பிடித்துக் கட்டிவிடும். மெக்கின்டாஷில் 2019இல் வந்த கேட்டலினா பதிப்பு 32 இருமச் செயலிகளை ஒரேயடியாக வெளியேற்றியது. ஆக, நேற்றுவரை பிழையின்றி ஓடிய ஒன்று, அதில் ஒரு வரிகூட மாறாமலே இன்று பழுதாகிறது. அது நின்ற தரை நகர்ந்துவிட்டது. நகர்ந்த தரைக்கேற்பச் சுவரை மறுபடி எழுப்ப வேண்டியவர் அந்த மூன்றாமவர். கூலி? கிடையாது. நன்றி? அதுவும் கிடையாது. வசை மட்டும் உடனுக்குடன் வந்து சேரும்.

*

தமிழ்க் கணிமையின் வரலாற்றைப் பெயர்த்தெழுதியவர்களின் வரலாறாக எழுதிப் பார்த்தால் நம் நன்றிக்கேடு துலங்கும்.

மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளைத் தொடங்கினார். டாஸ் காலத்தில் பிறந்த ஒன்றை விண்டோஸ், மெக்கின்டாஷ், கைப்பேசி என ஒவ்வொரு கரையாகக் கொண்டுசேர்க்க ஒரு மனிதரின் வாழ்நாளே செலவாகியிருக்கிறது. சுவிட்சர்லாந்தில் இருந்தபடி கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்கள் தட்டச்சுச் செய்தார்கள். முதலில் அன்றைய எழுத்துருக்களில், பின்பு திஸ்கி குறியேற்றத்தில், அதன்பின் ஒருங்குறியில். அதாவது ஒரே நூலை உலகத்துக்குத் திரும்பத் திரும்பப் பெயர்த்துக் கொடுத்தார்கள். இன்று ஆய்வாளர் எவரும் ஒரு நொடியில் சங்கப் பாடலைத் தேடி எடுத்துத் தம் கட்டுரையில் ஒட்டிக்கொள்கிறார். துணைநூற் பட்டியலில் அச்சுப் பதிப்பின் பெயர் இருக்கும். தாம் உண்மையில் படியெடுத்த மதுரைத் திட்டத்தின் பெயர் இராது. முனைவர் பட்ட ஆய்வேடுகளைப் புரட்டிவரும் நாம் இதை அறிந்தே சொல்கிறோம்.

முகுந்தராஜும் தமிழா குழுவினரும் தந்த எ-கலப்பையை இன்று நாற்பது வயது கடந்த எழுத்தாளர் எவரும் மறந்திருக்க முடியாது. அதன் தொடக்கப் பதிப்புகள் கீமேன் என்னும் வெளிநாட்டு மென்பொருளின் மேல் ஏறி உட்கார்ந்தவை. மூன்றாம் பதிப்பை அந்தச் சார்பு இல்லாமல் புதிதாகவே எழுத வேண்டியதாயிற்று. அந்தக் கீமேனும் தனியொருவர் லாவோ மொழிக்காகத் தொடங்கியதே, 2015இல் எஸ்.ஐ.எல். அமைப்பின் கைக்கு மாறிப் பின்னர் கட்டற்ற மென்பொருளாகியதால் பிழைத்தது. விஸ்வநாதன் ஆக்கிய அழகி, நியூ ஹொரைசன் மீடியா இலவசமாக அளித்த என்.எச்.எம். எழுதி, சுரதா யாழ்வாணனின் எழுத்து மாற்றி என்று பட்டியல் நீளும். இரண்டாயிரங்களில் இணையத்தில் எழுதப்பட்ட தமிழ் இலக்கியத்தில் பெரும்பகுதி இத்தகைய நாலைந்து கருவிகளின் முதுகில்தான் ஏறிவந்தது. அந்த இலக்கியத்தைப் பற்றி எத்தனையோ கட்டுரைகள் வந்துவிட்டன. இந்தக் கருவிகளைப் பற்றி இலக்கிய இதழ்களில் வந்தவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

லினக்சு உலகில் இந்த வேலைக்கு முறையான பெயரும் பதவியும் உண்டு. டெபியன் என்னும் இயங்குதளம் ஏறத்தாழ ஈராண்டுக்கு ஒரு பதிப்பாக வெளிவருகிறது. அதில் அடங்கிய ஒவ்வொரு மென்பொருள் பொதிக்கும் ஒரு பேணுநரோ ஒரு குழுவோ பொறுப்பு. எழுதியவர் வேறு, பேணுபவர் வேறு. ரெட் ஹாட் நிறுவனம் 2004இல் வெளியிட்ட லோகித் எழுத்துருக்களின் தமிழ் வடிவமும் அங்கே அப்படி ஒரு பொதிதான். புதிய பதிப்பு வரும்போது அடியில் உள்ள நூலகங்கள் மாறும். பேணுநர் தம் பொதியை அதற்கேற்பத் திருத்திக் கட்டிச் சோதித்துத் தர வேண்டும். பைத்தான் மொழியின் இரண்டாம் பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரியில் முடிந்தபோது, மூன்றாம் பதிப்புக்கு மாற்றி எழுத ஆள் இல்லாத பொதிகளை டெபியன் ஒவ்வொன்றாக நீக்கியது. பேணுநர் விலகிவிட்டால் அந்தப் பொதியை “அநாதை” என்று அறிவிப்பார்கள். அதுவே அங்கு வழங்கும் முறையான சொல். இது இரக்கமற்ற வழக்கம் போலத் தோன்றலாம். நாம் அதை நேர்மையான வழக்கம் என்போம். அநாதை என்று அறிவித்தால்தான் தத்தெடுக்க ஒருவர் வருவார். தமிழில் நாம் எதையும் அநாதை என்று அறிவிப்பதில்லை. பொன்னாடை போர்த்திய நிலையிலேயே சாகவிடுகிறோம்.

*

இனிக் குற்றப்பத்திரிகை.

முதலாம் எதிரி அரசு. எந்தக் கட்சியின் அரசாயினும் இதில் வேறுபாடு இல்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடியது. தமிழ்99 விசைப்பலகையும் டாம், டாப் குறியேற்றங்களும் தரமாக அறிவிக்கப்பட்டன. அடுத்த ஆண்டே விண்டோஸ் 2000 லதா எழுத்துருவுடன் ஒருங்குறித் தமிழைக் கொண்டுவந்துவிட்டது. அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்று ஆணையிட்டது 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டின்போது. நடுவில் கழிந்த பத்தாண்டுகளில் அரசு அலுவலகங்களில் ஆளுக்கோர் எழுத்துருவில் குவிந்த கோப்புகளுக்கு யார் பொறுப்பு? 2010இன் ஆணை ஒருங்குறியோடு டேஸ் 16 என்னும் இன்னொரு குறியேற்றத்தையும் சேர்த்தே ஏற்றது. அது ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியில் அமைந்தது. அப்பகுதியில் உள்ள எழுத்தைப் பொதுவான எந்த இயங்குதளமும் தானாகத் தமிழென்று அறியாது. அதற்குரிய எழுத்துருவை ஒருவர் கணினிதோறும் சுமந்துபோய் நிறுவ வேண்டும். அதன் தகுதி தகுதியின்மை பற்றிய சண்டையை மீண்டும் தொடங்குவது நம் நோக்கமன்று. நாம் கேட்பது ஒன்றுதான்: ஒரு தரத்தை அறிவிக்கும் நாளில், அதை அடுத்த இருபதாண்டு இயங்குதளங்களுக்குச் சுமக்கப்போகிறவருக்கு ஊதியம் எந்தத் தலைப்பில் ஒதுக்கப்பட்டது?

இரண்டாம் எதிரி பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும். நிதி நல்கையோடு ஒரு சொல்லாளரையோ அகராதியையோ உருவாக்குகிறோம். வெளியீட்டு விழா நடக்கிறது. துணைவேந்தர் குறுந்தகட்டை உயர்த்திப் பிடிக்க, முதற்படியை ஒருவர் பெற்றுக்கொள்கிறார். நிழற்படம் எடுத்த மறுநாளோடு திட்டம் முடிகிறது. திட்ட உதவியாளருக்கு வேலை முடிகிறது. மூலநிரல் எந்தக் கணினியில் இருக்கிறது என்பதே ஈராண்டில் யாருக்கும் தெரியாது. மதிப்பீட்டுப் புள்ளிகள் புதியதை ஆக்கியவருக்கே கிடைக்கின்றன. பழையதைப் புதிய இயங்குதளத்தில் ஓடவைத்த ஆசிரியருக்கு அரைப் புள்ளியும் கிடையாது. ஆகவே ஒரே கருவியை வெவ்வேறு பெயரில் ஒவ்வொருவரும் புதிதாகத் தொடங்குகிறோம், ஒருவரும் முடிப்பதில்லை.

மூன்றாம் எதிரி எழுத்துருவை வணிகம் செய்தவர்கள். ஒருங்குறிக்கு முன்பு நிறுவனத்துக்கு ஒரு குறியேற்றம். ஒருவரிடம் வாங்கிய எழுத்துருவில் எழுதியதை மற்றவர் எழுத்துருவில் படிக்க முடியாது. வாடிக்கையாளரைக் கட்டிப்போட அது வசதி. விற்கும்வரை விற்றுவிட்டுக் கடையை மூடியபோது எழுத்துகளின் அட்டவணையைக்கூட வெளியிடாமல் போனவர்கள் உண்டு. ஒரு மொழியின் எழுத்தை எண்ணாக மாற்றிய அட்டவணை வணிக இரகசியமாம்! வட்டிக்கடைக்காரன்கூட அடகுச் சீட்டை நம் கையில் கொடுத்துவிட்டுத்தான் பெட்டியைப் பூட்டுவான்.

நான்காம் எதிரி நாமே. எ-கலப்பை வேலை செய்யவில்லை என்று பத்து வரி வசை எழுதத் தெரிந்த நமக்கு, எந்த இயங்குதளத்தில், எந்தப் பதிப்பில், எந்த விசையில் பிழை என்று ஒரு வரி எழுதத் தெரியவில்லை. ஒரு நாவல் வெளியீட்டுக்கு மண்டப வாடகை, மாலை, சுவரொட்டி எனச் செலவிட்ட நம் வட்டம், அந்த நாவலைத் தட்டச்சுச் செய்த இலவசக் கருவிக்கு ஒரு ரூபாய் அனுப்பியதில்லை. இலவசம் என்று ஒருவர் தந்ததை, ஆற்றுநீர் போல அதுபாட்டுக்கு வரும் என்று எண்ணிவிட்டோம்.

*

இதற்குச் சொல்லப்படும் மறுப்புகளை அறிவோம்.

இப்போது எல்லாம் இயங்குதளத்திலேயே வந்துவிட்டதே, மூன்றாமவர் எதற்கு என்பது முதல் மறுப்பு. உண்மைதான், மெக்கின்டாஷில் அஞ்சல் விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது. விண்டோஸ் 10இல் 2019ஆம் ஆண்டு மேம்பாட்டின்போது தமிழ் ஒலிபெயர்ப்பு விசைப்பலகை வந்தது. கைப்பேசியில் பேசினாலே எழுத்தாகிறது. ஆனால் பெருநிறுவனம் கொடுப்பது அதன் விருப்பம். எடுத்துக்கொள்வதும் அதன் விருப்பம். கூகுள் நிறுவனம் விண்டோசுக்குத் தந்த உள்ளீட்டுக் கருவியை நம்பிப் பழகியவர்கள், பின்பு அதைத் தரவிறக்க வழியில்லாமல் நின்றதை மறந்திருக்க மாட்டார்கள். பத்தாண்டுக்கு மேல் தமிழின் முகமாக இருந்த லதா, விண்டோஸ் 10இல் வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளும் துணை எழுத்துருவாகப் பின்னுக்குத் தள்ளப்பட்டது. மேலும் அவர்கள் கவலைப்படுவது இன்று எழுதப்போகும் தமிழைப் பற்றி. நேற்று எழுதிய தமிழைப் பற்றி அன்று. வாத்தியாரின் 2003ஆம் ஆண்டுக் கோப்பைத் திறந்து தர எந்தப் பெருநிறுவனமும் வராது.

இது தொழில்நுட்பர் வேலை, இலக்கியவாதிக்கு இதில் என்ன என்பது இரண்டாவது மறுப்பு. ஏடெழுதத் தெரியாத புலவனும் ஏட்டின் அருமையை அறிந்திருந்தான். பெயர்த்தெழுதியவன் தன் பெயரையும் எழுதி முடித்த நாளையும் ஏட்டின் இறுதியில் குறித்துவைக்கும் வழக்கமும் இருந்தது. நம் அச்சுப் புத்தகங்களில் அட்டை வடிவமைத்தவர் பெயர் உண்டு, அச்சகத்தின் பெயர் உண்டு. எழுத்துருவின் பெயரோ உள்ளீட்டுக் கருவியின் பெயரோ எத்தனை நூல்களில் உண்டு?

தன்னார்வலர்கள் மகிழ்ச்சிக்காகச் செய்கிறார்கள், காசு கொடுத்தால் கெட்டுவிடும் என்பது மூன்றாவது மறுப்பு. இதற்கு உலகமே விடை சொல்லியிருக்கிறது. இணைய வங்கிப் பரிமாற்றங்களையும் காத்துநிற்கும் ஓப்பன் எஸ்எஸ்எல் என்னும் மென்பொருளில் 2014இல் ஹார்ட்பிளீட் என்னும் பெரும் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. உலகத்தின் பெருநிறுவனங்கள் பலவும் பயன்படுத்திய அதற்கு ஆண்டுக்கு வந்த நன்கொடை ஏறத்தாழ 2,000 டாலர். முழுநேரமும் உழைத்தவர் ஒருவர். பத்தாண்டு கழித்து, 2024 மார்ச்சில், எக்ஸ்இசட் என்னும் சிறு மென்பொருளில் கள்ளவாசல் ஒன்று பிடிபட்டது. தனியாளாகப் பேணிக் களைத்துப்போன ஒருவருக்கு உதவுவதுபோல வந்து, ஈராண்டுக்கு மேல் நம்பிக்கையைச் சம்பாதித்து, பொறுப்பைப் பகிர்ந்துகொண்டு செய்த வேலை அது. களைத்தவனைத் தனியே விட்டால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

*

இதற்கெல்லாம் வழி வெளிநாட்டில் தேட வேண்டியதில்லை. நம் ஆற்றங்கரையிலேயே இருக்கிறது.

தாமிரபரணியின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர் ஆகிய ஏழும் ஆங்கிலேயர் காலத்துக்கு முற்பட்டவை. கடைசியான திருவைகுண்டம் மட்டுமே பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் கட்டியது. பழவூரில் பிரியும் பாளையங்கால் இன்றும் நமக்கு அருகே ஓடுகிறது. கட்டியது ஒருமுறை. ஆனால் கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறப்பதற்கு முன்பு ஆண்டுதோறும் கால்வாயில் வண்டல் அள்ள வேண்டும். கரையில் விழுந்த உடைப்பை அடைக்க வேண்டும். வயல் உள்ளவர்கள் வீட்டுக்கு ஓர் ஆள் அனுப்பினார்கள், அல்லது அதற்கு ஈடாக நெல்லோ பணமோ கொடுத்தார்கள். குடிமராமத்து என்று அதற்குப் பெயர். அதில் எளியவர் முதுகு ஒடிந்ததும் உண்டு. 1858ஆம் ஆண்டின் கட்டாய உழைப்புச் சட்டம் அதைத் தண்டனைக்குரிய கடமையாகவே ஆக்கியது. அந்தக் கொடுமையை நாம் புகழவில்லை. நீரைக் குடிக்கிறவன் தூர் வாரவும் கடமைப்பட்டவன் என்ற கணக்கை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். 2017இல் தமிழக அரசு குடிமராமத்து என்ற பெயரை மீட்டெடுத்து ஏரி, குளங்களுக்குத் திட்டம் தீட்டியது. எழுத்துக்கும் ஒரு குடிமராமத்து வேண்டும் என்பதே நம் வாதம்.

கொக்கிரகுளத்தையும் சந்திப்பையும் இணைக்கும் பாலத்தை 1843இல் தம் சொந்தப் பணத்தில் கட்டியவர் சுலோசன முதலியார். அவர் பெயரால் பாலம் வழங்குகிறது, வழங்கட்டும், தகும். ஆனால் இத்தனை வெள்ளங்களுக்குப் பிறகும் அதன் மேல் நாம் பேருந்தில் போகிறோம் என்றால், நடுவில் எத்தனையோ பேர் காரை பூசியிருக்கிறார்கள். அவர்களுக்குக் கல்வெட்டு இல்லை. கூலியாவது இருந்தது. நம் மென்பொருள்காரனுக்கு அதுவும் இல்லை.

ஆகவே நாம் கேட்பவை இவை. அரசு நல்கையில் உருவாகும் எந்தத் தமிழ் மென்பொருளுக்கும் மூலநிரல் பொதுவில் வைக்கப்பட வேண்டும். ஆக்கச் செலவோடு குறைந்தது பத்தாண்டுப் பராமரிப்புச் செலவும் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். மூடிப்போன எழுத்துரு நிறுவனங்களின் குறியேற்ற அட்டவணைகளைத் தேடித் தொகுத்து வெளியிடும் பொறுப்பைத் தமிழ் இணையக் கல்விக்கழகம் போன்ற அமைப்பு ஏற்க வேண்டும். பதிப்பகங்கள் தம் பழைய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றி, நூலின் உரிமைப் பக்கத்தில் எழுத்துருவையும் கருவியையும் பெயர் சொல்லிக் குறிக்க வேண்டும். தமிழ் முதுகலை மாணவரும் கணினி மாணவரும் சேர்ந்து, ஒரு பழைய கருவியைப் புதிய இயங்குதளத்தில் சோதித்துப் பிழைப்பட்டியல் தருவதைத் திட்டக் கட்டுரையாகக் கல்லூரிகள் ஏற்க வேண்டும். வாசகர் வட்டங்கள் ஆண்டுக்கொரு முறை, ஒரு மாலைக்கு ஆகும் செலவையாவது ஒரு பேணுநருக்கு அனுப்ப வேண்டும். நம் வட்டம் இந்த ஆண்டு அதைச் செய்துவிட்டது. தொகை சிறியது; சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆயினும் பூச்சியம் அன்று.

வாத்தியார் கோப்பு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். நம் துறை மாணவி ஒருத்தி மேலப்பாளையத்தில் உறவினர் வீட்டுப் பரணில் கிடந்த எக்ஸ்பி மடிக்கணினி ஒன்றைத் தேடிப்பிடித்தாள். அதில் கோப்பைத் திறந்து வெறும் எழுத்தாகப் பிரித்தெடுத்தோம். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்பதை, 2003இல் எடுத்த அச்சுப்படி பத்துப் பக்கங்களோடு ஒப்பிட்டு, அவளே ஓர் அட்டவணை ஆக்கினாள். பழைய எழுத்துருவில் கொம்பு முன்னாலும் உயிர்மெய்யின் உடல் பின்னாலும் கிடக்கும். ஒருங்குறியில் அதைத் திருப்பிப் போட வேண்டும். கொ, கோ போன்றவை மூன்று துண்டாகக் கிடந்தன. ஔகாரம் ஒகரமும் ளகரமுமாகப் பிரிந்து கிடந்தது. ரகரம் வேண்டிய இடங்களில் தட்டச்சர் காலைப் போட்டிருந்தார். மூன்று மாதம் ஆயிற்று. பெரும்பகுதி மீண்டுவிட்டது. சில நூறு சொற்களில் எழுத்து ஐயம் நீங்கவில்லை. வழக்கில் உள்ள சொல்லாக இருந்தால் ஊகித்துவிடலாம். வேறெங்கும் பதிவாகாத சொல்லை எதைக் கொண்டு ஊகிப்பது? அவற்றைச் சொன்ன கிழவர்களும் இல்லை, எழுதிய வாத்தியாரும் இல்லை.

அந்தச் சில நூறு சொற்களை வெள்ளத்தின் கணக்கில் எழுத நமக்கு மனமில்லை. நம் கணக்கில்தான் எழுதியிருக்கிறோம். மாணவி ஆக்கிய அட்டவணையை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம்; அதன் தலைப்பில் அவள் பெயரையும் முடித்த நாளையும் எழுதிவைத்திருக்கிறாள். ஏட்டின் இறுதியில் எழுதுவார்களே, அப்படி.